இரண்டாம் பாகத்தில் அவள் இல்லை

இப்போதெல்லாம் ஒரு படம் நான்கு வாரம் ஓடிவிட்டால் போதும், உடனே இரண்டாம் பாகம் எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் பாகத்தில் நடித்தவர்களுக்குக் கால்ஷீட் இருக்காது, அல்லது அவர்களுக்கும் தயாரிப்பாளருக்கும் ஏதாவது மனத்தாங்கல் இருக்கும். அதனால் என்ன, பெயர் இருக்கிறது, பாட்டு மெட்டு இருக்கிறது என்று வேறு ஆட்களைப் போட்டு எடுத்துவிடுவார்கள். ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்து திட்டும். நான் மட்டும் திட்டமாட்டேன், எனக்கு வாய் வராது. நானே ஓர் இரண்டாம் பாகம்தான்.

முப்பத்தைந்து வயதில் ஆண்டிமடத்திலிருந்து குன்னத்துக்குக் கல்யாணமாகி வந்தேன். எனக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. அவருக்கு ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரியில் ஷிப்டு வேலை. அவருடைய முதல் மனைவி, மூத்தவள், மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மகள், அப்போது பத்து வயது. பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் பேசியது அந்த மகளைப் பற்றி மட்டும்தான். புள்ள ரொம்ப அமைதிங்க, ஒண்ணும் சொல்லாது என்றார். அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அமைதி என்றால் அப்படியொரு அமைதி. அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. நோட்டு தீர்ந்துபோனாலும், செருப்பு அறுந்துபோனாலும் அப்பா ஷிப்டு முடிந்து வரும்வரை காத்திருந்து அவரிடம்தான் சொல்வாள். நான் தட்டில் போட்டால் சாப்பிடுவாள், தலை வாரி விட்டால் காட்டுவாள். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் விருந்துக்கு வந்ததுபோல் இரண்டு பேரும் நடந்துகொண்டோம். வந்த விருந்தாளி யார் என்பதுதான் இருவருக்கும் தெரியவில்லை. அவள் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்றெல்லாம் நான் ஆசைப்படவில்லை. என்னிடம் ஏதாவது ஒன்றை, ஒரு டம்ளர் தண்ணீரையாவது, அவளாக வாய் திறந்து கேட்க வேண்டும் என்று ஏங்கினேன். அதற்காகச் சாமிக்கு வேண்டிக்கொண்டதும் உண்டு.

என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளி இருந்தார். மூத்தவளைப் பற்றி அவர்தான் எனக்குப் பாடம் நடத்தினார். அவ டீயில இஞ்சி தட்டிப் போடுவா. அவ கோலத்துக்குச் செம்மண் கரை கட்டாம விடமாட்டா. அவ கொண்டைதான் போடுவா, பின்னல் போட்டுப் பாத்ததே இல்ல. நல்ல மனசோடுதான் சொன்னார், என்னைக் குத்திக்காட்ட அல்ல. நானும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன். மூன்றே மாதத்தில் இஞ்சி தட்டி, செம்மண் கரை கட்டி, கொண்டை போட்டுக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒருத்திக்கு வேஷம் கட்டியதுபோல் இருக்கும். சரி, பிள்ளைக்குப் பழகியதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் அவளும் நானும் சேர்ந்து உட்கார்ந்தது ஒரு படத்துக்கு மட்டும்தான்.

பெரிய படம் ஒன்றும் இல்லை. ஒரு மலையூர். அங்கே குடை ரிப்பேர் செய்யும் ஒருவன். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வரும் ஒருத்தி. படம் முழுக்க மழை. அவள் குடை கிழியும், அவன் தைத்துக் கொடுப்பான், மறுபடியும் கிழியும். இவ்வளவுதான் கதை. கதாநாயகிக்குச் சிரிப்பு வந்தால் புறங்கையை வாய்மேல் வைத்துக்கொண்டு கண்ணால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே படம் ஓடியது என்பார்கள். மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது மூத்தவள் அதைத் தியேட்டரில் மூன்று முறை பார்த்தாளாம். அதன் பிறகு அவளும் அப்படியே புறங்கையை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள் என்று அவர் ஒருநாள் சொன்னார். கிண்டலுக்குத் தொடங்கியது, கொஞ்ச நாளில் அதுவே அவள் சிரிப்பாகிவிட்டது. வீட்டில் அவளுடைய வீடியோ ஒன்றுகூட இல்லை. இருந்த பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து வீணாகியிருந்தது. அம்மா சிரிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மகள் அந்தப் படத்தைத்தான் போட வேண்டும்.

லீவு நாள் மதியங்களில் போடுவாள். நான் சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே, அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருப்பேன். வெளியே மக்காச்சோளக் காடு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே டிவியில் மழை கொட்டும். ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பதால் அறையே பச்சையும் நீலமுமாக மங்கிக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் வெயில் எந்தப் பக்கம், மழை எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும். வெங்காயத்தில் என் கண்ணும் கலங்கியிருக்கும், படத்தில் அந்த நர்ஸ் கண்ணும் கலங்கியிருக்கும். சிரிப்பு வரும் இடங்களில் மகள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நான் நிமிராமலே அதைக் கேட்பேன். எத்தனையோ முறை அரைத்தூக்கத்தில் அந்த நர்ஸ் எங்கள் அடுப்படியில் நின்று டீ ஆற்றுவதாகக் கண்டிருக்கிறேன். திரும்பிப் பார்த்து, இஞ்சி போட்டியா என்று கேட்பாள். எனக்குப் பயமாக இருக்காது. போட்டேங்க்கா என்று சொல்வேன்.

அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, பரீட்சை லீவு. குன்னம் பஸ் ஸ்டாப் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ஒரு குடை, கீழே பழைய பெயர், பக்கத்தில் பெரிதாக ஓர் இரண்டு. ஆள் முகம் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தவள் நேராக அடுப்படிக்கு வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் படத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

கையில் இருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரியும். முந்தாநாள்தான் போனில் ஒரு சினிமாச் செய்தி பார்த்திருந்தேன். பழைய கதாநாயகியும் இல்லை, கதாநாயகனும் இல்லை, புது ஆட்கள் என்று சொன்னார்கள். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கேட்டதை அவள் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாளே என்று பயந்தேன். போலாமே என்றேன்.

பெரம்பலூரில் மதியக் காட்சிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அதனால் அரியலூருக்குப் போனோம். சனிக்கிழமை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ரோட்டோரத்துப் புளியமரங்கள் எல்லாம் இலையோடு வெளுத்து நின்றன. வெயிலும் தூசியும் சேர்ந்து எதிரே வருவது எதுவும் கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. வண்டியின் ஆட்டத்தில் அவள் கண் அயர்ந்து தலை என் தோளில் சாய்ந்தது. தெரிந்து சாய்ந்தாளோ தெரியாமல் சாய்ந்தாளோ. அரியலூர் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை. கண்டக்டர் மீதிச் சில்லறை நீட்டியபோதுகூட இடது கையால்தான் வாங்கினேன், அவர் ஒரு மாதிரி பார்த்தார். இந்த பஸ் இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை, தியேட்டரே வர வேண்டாம் என்று நினைத்தேன்.

படம் தொடங்கியது. அதே மலையூர், அதே குடைக் கடை, அதே மெட்டு. மகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கேமரா கடைக்குள்ளே போய்ச் சுவரில் ஒரு போட்டோவைக் காட்டியது. மாலை போட்டிருந்தது. கண்ணாடியில் வெளிச்சம் பட்டு முகம் தெரியவில்லை. அண்ணி போய் மூணு வருஷமாச்சு, அண்ணனும் ஊரை விட்டுப் போயிட்டாரு என்று குடைக்காரனின் தம்பி என்று சொல்லிக்கொண்ட ஒருவன் பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான். இரண்டரை மணி நேரம் மழையில் நின்றவளை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். பின்வரிசையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். இருட்டில் அவள் கண் மட்டும் தெரிந்தது.

"செத்துட்டாங்களா?"

கதையில அப்படி வெச்சிருக்காங்க என்றேன். 

பிறகு ஒரு புது நர்ஸ் வந்தாள். நல்ல பெண்தான், களையான முகம். அவளுக்கும் குடை கிழிந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, புறங்கையை வாய்மேல் வைத்தாள். தியேட்டர் முழுக்க ஓவென்று கத்தினார்கள். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரோ சொல்லிக் கொடுத்ததை அவள் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தாள். மழைகூடக் கம்ப்யூட்டர் மழை, கொட்டுகொட்டென்று கொட்டியும் ஒருவர் தலைமுடியும் நனையவில்லை.

இடைவேளையில் வெளியே வந்து பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே இல்லை, கிளம்பிவிடலாமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இருங்க. போட்டோவுல மூஞ்சியே காட்டலல்ல. கடைசில வந்துருவாங்க."

அதை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள். இரண்டாம் பாதி முழுக்க அவள் கதையைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்தாள். ஒரு கதவு திறந்தால் நிமிர்வாள். பஸ் வந்து நின்றால் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பாள். குடையின் கீழே பெண்பிள்ளைக் கால்கள் தெரிந்தால் என் முழங்கையைத் தொடுவாள். கொஞ்ச நேரத்தில் நானும் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் தெரிந்தவள், செய்தி பார்த்தவள், நானும் அந்த இருட்டில் ஒவ்வொரு கதவையும் பார்த்துக்கொண்டு, வந்துவிடேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். யாரைக் கெஞ்சினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் வரவில்லை. விளக்குப் போட்டார்கள். எல்லாரும் எழுந்து போன பிறகும் பெயர்கள் ஓடி முடியும்வரை மகள் உட்கார்ந்திருந்தாள். துடைப்பம் எடுத்துக்கொண்டு கூட்ட வந்த பெண்மணி, முடிஞ்சிருச்சு கண்ணு என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டாள்.

"அவங்க இல்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது. திரும்பி வரும்போது பஸ் காலியாகத்தான் இருந்தது, அவள் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தை அவள் வீட்டில் போடவில்லை. முதல் பாகத்தையும் போடவில்லை. லீவு நாள் மதியங்களில் ஜன்னல் திறந்தே இருந்தது. நான் தனியாக வெங்காயம் அரிந்தேன். இருந்த ஒரு வழியையும் என் கையாலேயே அடைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லி அழுதேன். சினிமாதானே என்றார் அவர். அவருக்கு என்னவென்று புரியவைப்பது.

ஒருநாள் கூடப் படிக்கும் பெண்ணோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அந்தப் பெண்ணும் படம் பார்த்திருப்பாள்போல. புது ஹீரோயின் நல்லாதான் இருக்கா என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். "நல்லாதான் இருக்காங்க. பழையவங்க மாதிரியே சிரிக்கிறாங்க பாரு, அதான் கடுப்பாவுது. இவங்களுக்குன்னு ஒரு சிரிப்பு இருக்கும்ல" என்றாள் இவள்.

அப்போது நான் டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே நிறுத்திவிட்டேன். அவள் என்னைச் சொல்லவில்லை, சினிமாவைத்தான் சொன்னாள். ஆனால் காது சுட்டது. அன்றைக்கு டீயில் என் பிறந்த வீட்டில் போடுவதுபோல் ஏலக்காய் போட்டேன். மறுநாள் கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டேன். நாத்தனார் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். மகள் டீயை ஒரு வாய் குடித்து, டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, மீதியையும் குடித்தாள்.

ஆடி மாதம் பூவாடைக்காரி படையல் வந்தது. பூவும் பொட்டுமாகப் போன பெண்ணை வருஷத்துக்கு ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கிணற்றடியிலிருந்து செம்பில் தண்ணீர் எடுத்து வந்து அவளாக நினைத்து வைப்போம். புதுப் புடவை, பூ, வளையல் வைத்து, அவளுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து இலை போடுவோம். கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர்கள் கைதட்டிவிட்டுத் திறப்பார்கள். நடுவில் திறந்தால் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவாள் என்பார்கள். அதுவரை வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் தவிர வேறு வாயில் வைக்கக்கூடாது.

நான் வந்த பிறகு அது மூன்றாவது படையல். விடியற்காலையில் எழுந்து குளித்து, மொச்சைக்கொட்டை போட்ட கத்தரிக்காய்க் குழம்பு, வடை, சர்க்கரைப் பொங்கல் என்று எல்லாம் முடிக்க உச்சிவேளை ஆகிவிட்டது. கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்தினோம். அவரும் நாத்தனாரும் வாசலில் வேப்பமரத்து நிழலில் போய் நின்றார்கள். முதல் இரண்டு வருஷமும் மகள் கதவு இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நகரவே மாட்டாள். நாத்தனார்தான் இழுத்துக்கொண்டு போவார். இந்த வருஷம் அவள் கதவுப் பக்கம் போகவில்லை. சுவரில் சாய்ந்து என் பக்கத்தில் நின்றாள். உள்ளே ஊதுபத்தி வாசனையும் பொங்கல் வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. வெயில் தெருவை அப்படியே வெள்ளையாக்கியிருந்தது. நேரம் நகராமல் நின்றது.

"அம்மா வர மாட்டாங்க" என்றாள் மெதுவாக. "உங்களுக்குத் தெரியும்ல?"

மரத்தடியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. போன முறை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றியது.

"தெரியும். வர மாட்டாங்க" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையில் எண்ணெய் தெறித்துச் சிவந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் ஏன் இவ்ளோ செஞ்சீங்க?"

மனதில் இருந்ததைச் சொன்னேன். "ஒருவேளை வந்துட்டா, ஒண்ணுமில்லாம போவக்கூடாதுல்ல."

அவள் ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்குப் பசிக்குது."

அப்பா அங்கேதான் நின்றிருந்தார், அத்தை நின்றிருந்தார். அவள் சொன்னது என்னிடம். நான் கைகூடத் தட்டவில்லை. கதவைத் தள்ளித் திறந்துவிட்டேன்.

நாத்தனார் ஓடி வந்தார். இன்னும் நேரமாகவில்லை, அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், புத்தி கெட்டுப் போச்சா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு அது பெரிய குற்றம், அவர் பதறியதில் தப்பே இல்லை. மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், புதுப் புடவைக்கு முன்னால் போட்டிருந்த அந்த இலையிலேயே உட்கார வைத்தேன். ஊதுபத்தி இன்னும் பாதிகூட எரிந்திருக்கவில்லை.

"அக்கா இருந்திருந்தா மொதல்ல இவளுக்குத்தான் போட்டிருப்பாங்க, அண்ணி" என்றேன்.

நாத்தனார் நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார். மகள் குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள். பிறகு இலையிலிருந்து தலையைத் தூக்காமல், இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க என்றாள்.